மாங்காய், களாக்காய், அரைநெல்லி: புளிப்புக் காய்களில் செய்யக்கூடாத தவறுகள்

கொருக்குப்பேட்டையில் வீட்டிலேயே ஊறுகாய் போட்டு விற்கிறேன், மதியச் சாப்பாடும் கட்டிக் கொடுக்கிறேன். வெயில் ஏறினால் மாங்காயும் அரைநெல்லியும் கூடை கூடையாக வரும், அதன் பின்னாலேயே களாக்காய் வரும், கைவேலை கூடுவதால் உதவிக்குப் புதுப் பிள்ளைகளும் வருவார்கள். ஒருகாலத்தில் என் கையில் நடந்த தவறுகளே இப்போது அவர்கள் கையில் நடப்பதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஈரக் கரண்டியை ஊறுகாயில் விடாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

மாங்காயை வாயில் போட்டுப் பார்க்காமல் புளி கரைப்பது

மாங்காய் போட்ட மீன் குழம்பில் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருவது இதில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. காசிமேட்டில் ஃபைபர் படகுக்காரர்கள் கொண்டுவரும் மீனை நம்பித்தான் இருக்க வேண்டும், விலையோ கையைச் சுடும். மாங்காய் மலிந்து கிடப்பதும் அதே நாட்களில்தான். அப்படி விலை கொடுத்து வாங்கிய சங்கரா மீனை, வாயில் வைக்க முடியாத புளிப்பில் மூழ்கடித்துவிட்டு நிற்பார்கள்.

போன வருஷம் வந்த பெண் நன்றாகவே சமைப்பாள். எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றி, மசாலா வாசம் போகக் கொதிக்கவிட்டு, ஒரு முழு நாட்டு மாங்காயையும் நறுக்கிப் போட்டுவிட்டாள். கேட்டால், “அம்மா எப்பவும் எலுமிச்சை அளவுதான்க்கா போடுவாங்க” என்றாள். “உங்கம்மா எந்த மாங்காய் போடுவாங்க?” என்று கேட்டேன். கிளிமூக்கு என்றாள். அங்கேதான் கோளாறு. கிளிமூக்கு மாங்காய் மிளகாய்த்தூள் தொட்டு அப்படியே தின்கிற அளவுக்குத்தான் புளிக்கும். நாட்டு மாங்காய் அப்படி இல்லை. அதிலும் கொட்டை முற்றாத பிஞ்சு ஒரு மாதிரி, கொட்டை இறுகி உள்ளே மஞ்சள் ஓடியது வேறு மாதிரி. முற்ற முற்றப் புளிப்பு இறங்கிவிடும். ஒரே கூடையில் இரண்டும் கிடக்கும்.

அதனால் புளியை ஊறவைக்கும் முன்பே மாங்காயின் கன்னத்தில் மெல்லிய சீவல் ஒன்றை எடுத்து, உப்பில் தொட்டு மெல்லுங்கள். பல் கூசினால், அரைக் கிலோ மீனுக்குச் சுண்டைக்காய் அளவு புளி போதும். புளிப்பு நாக்கோடு நின்றுவிட்டால் நெல்லிக்காய் அளவு. இனிப்பு தட்டினால் மட்டும் வழக்கமான அளவுக்குப் பக்கத்தில் போகலாம். இன்னொன்று, இறக்கும்போது புளிப்பு ஒரு படி குறைவாகவே இருக்கட்டும். மாங்காய்த் துண்டு குழம்பில் ஊற ஊறப் புளிப்பை விட்டுக்கொண்டே இருக்கும், மறுநாள் காலையில் இட்லிக்கு ஊற்றும்போது சரியாக வந்து நிற்கும்.

சரி, புளித்துப்போய்விட்டது, என்ன செய்வது? உடனே எல்லோரும் தண்ணீர் ஊற்றுவார்கள், இல்லையென்றால் சர்க்கரை போடுவார்கள். தண்ணீர் ஊற்றினால் மசாலா செத்துவிடும், திரும்பக் கொதிக்க வைக்கும்போது மீனும் உடையும். சர்க்கரை போட்ட மீன் குழம்பை நான் குழம்பு என்றே சொல்லமாட்டேன். முதலில் மாங்காய்த் துண்டுகளை எடுத்து வெளியே போடுங்கள், புளிப்பு ஊறுவது அங்கிருந்துதான். மீனைத் தட்டில் அலுங்காமல் எடுத்து வைத்துவிட்டு, சின்ன வெங்காயத்தை எண்ணெயில் சிவக்க வதக்கி, தேங்காயோடு அரைத்து ஊற்றி ஒரு கொதி விட்டு, அப்புறம் மீனை உள்ளே விடுங்கள். முழுசாகச் சரியாகாது. சாப்பிடலாம், அவ்வளவுதான்.

பருப்போடு மாங்காயையும் சேர்த்தே வேகவைப்பது

புளிப்பு இருக்கிற இடத்தில் பருப்பு குழையாது, காயும் சீக்கிரம் வேகாது. பருப்பு மலர்ந்த பிறகு மாங்காயைப் போடுங்கள். மீன் குழம்பில் வரிசை வேறு. மாங்காய் முக்கால் பதம் வெந்ததும் மீன். நெத்திலி என்றால் போட்டதும் அடுப்பை அணைக்கத் தயாராக நில்லுங்கள்.

அலுமினியப் பாத்திரம்

வேண்டவே வேண்டாம். மண்சட்டி, இல்லாவிட்டால் எவர்சில்வர்.

களாக்காயின் பாலை எடுக்காமல் விடுவது

களாக்காயை நறுக்கினால் வெள்ளையாகப் பால் வடியும். கத்தியில் ஒட்டி, விரலில் ஒட்டி, காய்ந்ததும் கறுத்துப் பிசினாகிவிடும், சோப்புக்கு அசையாது. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு இரண்டாகக் கீறி, விதையை நெம்பி எடுத்துவிட்டு, உப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு வையுங்கள், பிறகு அலசுங்கள். அந்தப் பால் ஊறுகாயில் இறங்கினால் கடைசி வரைக்கும் ஒரு கசப்பு தொண்டையில் நிற்கும். உப்புத் தண்ணீரில் கிடந்த காய் என்பதால் ஊறுகாய்க்கு உப்பைக் குறைத்துப் போட வேண்டும், பாதிப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள்.

அரைநெல்லிக்கு அவசரப்படுவது

சர்க்கரைப் பாகில் சின்னத் தீயில் நேரம் எடுத்து வெந்தால் பச்சை வெளுத்து, மெல்ல மெல்லச் சிவந்து, கடைசியில் மாதுளை நிறத்துக்கு வரும். அந்தச் சிவப்பைப் பார்த்துக் கருகிவிட்டது என்று நினைத்துப் பாதியில் இறக்கிவிடுகிறார்கள். அடி பிடிக்கிற வாசம் வராத வரை விடுங்கள்.

தேங்காய்ப் பால்

புளிப்புக் காயோடு கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். அடுப்பை அணைத்துவிட்டு ஊற்றுங்கள்.

ஜெல்லிக்கு வடிகட்டும்போது துணியைப் பிழிவது

குளிர் நாடுகளில் ரெட் கரண்ட் என்ற சின்னச் சிவப்புப் பழத்தில் ஜெல்லி செய்வார்கள். புளிப்போடு, இறுகவைக்கிற பெக்டினும் அதில் நிறைய. நம் களாக்காய்க்கும் அந்தக் குணம் உண்டு, பழுத்துக் கறுத்ததைவிட அரைப்பழமாக, வெள்ளையில் ரோஜா நிறம் ஓடியிருப்பதில் கூடுதலாக இருக்கும். காய் மூழ்குகிற அளவு தண்ணீரில் வேகவிட்டு, மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டு, தானாக வடிகிற சாற்றை மட்டும் எடுத்து, சாற்றுக்குச் சமமாகச் சர்க்கரை போட்டுக் காய்ச்சுங்கள். சொட்டுவது நின்றதும் கை தானாகத் துணியைப் பிழியப் போகும். பிழிந்தால் ஜெல்லி கலங்கிவிடும். துணியில் மிஞ்சிய சக்கையை விதை நீக்கி, பச்சை மிளகாயும் உப்பும் வைத்துத் துவையலாக அரைத்துவிடலாம், தயிர்ச் சோற்றுக்கு நன்றாக இருக்கும்.