ஓவியத்தில் சேவல் நின்றால் எப்படிப் பார்ப்பது?

சேவல் என்றால் வீரம், கோழி என்றால் தாய்மை என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டாம், அது பாதி நேரம் காலை வாரிவிடும். பறவையைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, பக்கத்தில் யார் நிற்கிறார், என்ன கிடக்கிறது என்று முதலில் பாருங்கள்.

நரைத்த தாடிக்காரர் கண்கலங்கி நிற்கிறார், கையில் சாவி, ஓரமாக ஒரு சேவல். அவர் இயேசுவின் சீடர் பேதுரு. சேவல் கூவுமுன் மூன்று முறை என்னை மறுதலிப்பாய் என்று இயேசு சொன்னாரே, அப்படியே மறுத்துவிட்டு பேதுரு அழுதாரே, அந்தக் கதை. ஆக இங்கே சேவல் என்பது குற்ற உணர்வு. 4ஆம் நூற்றாண்டு ரோமானியக் கல் சவப்பெட்டிகளிலேயே இது வந்துவிட்டது. பேதுரு இல்லாமல் ஒரு தூண் உச்சியில் சேவல் மட்டும் நின்று, சுற்றிலும் ஆணி, சுத்தியல், முள்முடி இருந்தாலும் அதே கதைதான்.

திபெத்திய பௌத்தர்களின் வாழ்க்கைச் சக்கர ஓவியமா? நேராக நடு வட்டத்துக்குப் போங்கள். சேவல், பாம்பு, பன்றி மூன்றும் ஒன்றின் வாலை ஒன்று கவ்விக்கொண்டு சுற்றும். சேவல் ஆசை, பாம்பு வெறுப்பு, பன்றி அறியாமை. வாய்களை உற்றுப் பாருங்கள்: சில படங்களில் சேவலும் பாம்பும் பன்றியின் வாயிலிருந்தே வெளியே வரும், அதாவது மற்ற இரண்டுக்கும் வேர் அறியாமை என்று வரைந்தவர் சொல்லிவிட்டார்.

நம்ம முருகன் கொடியிலிருக்கும் சேவலையும் வெறும் வீரம் என்று தாண்டிப் போய்விடாதீர்கள். மாமரமாக நின்ற சூரபத்மனை வேல் பிளந்தபோது ஒரு பாதி மயில், மறு பாதி சேவல். தோற்ற பகைவனே கொடியில் ஏறி நிற்கிறான்!

எல்லாப் பறவைக்கும் அர்த்தம் தேடவும் வேண்டாம். 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ஹொண்டகூட்டர் வான்கோழி, மயில், வாத்து என்று முற்றம் முழுக்க வரைந்து தள்ளியது பெரும்பாலும் பணக்காரர் மாளிகைச் சுவருக்காக. அங்கே செல்வச் செழிப்புதான் செய்தி, அதற்கு மேல் தோண்டினால் நேரம்தான் வீண்.

அப்புறம், படைப்பு எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். ஜெர்மன் சிற்பி கதரீனா ஃபிரிட்ஷ் செய்த 4.7 மீட்டர் நீலச் சேவல் 2013இல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்துப் பீடத்தில் ஏறியது. அந்தச் சதுக்கம் 1805இல் நெப்போலியனின் கடற்படையை வென்றதன் நினைவு, சேவலோ பிரான்ஸின் சின்னம். கிண்டலுக்குக் கேட்கவா வேண்டும்? வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தின் மொட்டைமாடியிலும் அவருடைய நீலச் சேவல் நின்றிருக்கிறது, அங்கே அந்தக் குத்தல் கிடையாது.