இறக்கிய காருக்கு ஸ்டாகர்டு டயர்: அகலத்தைக் கடைசியில் பாருங்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பெங்களூரு அல்சூர் ஏரிப் பக்கம் திருவள்ளுவர் சிலையைத் தாண்டிக் காரை ஓரங்கட்டிவிட்டு என் சித்தப்பா மகன் போன் செய்தான். "அண்ணே, ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கர்லயும் பின்னாடி சர்ருனு ஒரு சத்தம். ரப்பர் கருகுற வாடை வேற வருது. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

கார் பழைய பிஎம்டபிள்யூ இசட்4, ஈ89 தலைமுறை. வாங்கியதுமே லோயரிங் ஸ்பிரிங் (காரைத் தரைக்கு நெருக்கமாக்கும் குட்டை ஸ்பிரிங்) போட்டு 30 மி.மீ. இறக்கிவிட்டான். அதற்கு முந்தைய வாரம்தான் பின்னால் புது டயர். சக்கரத்துக்கு மேல் வளைந்திருக்கும் வீல் ஆர்ச்சுக்குள் கையை விட்டுத் தடவினேன். உள்ளே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் லைனரில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை, கண்ணாடி மாதிரி தேய்ந்து வழவழவென்று இருந்தது. விரல் நுனியெல்லாம் கரித்தூள்.

"என்ன சைஸ் போட்ட?"

"275 அண்ணே. பின்னாடியிலிருந்து பார்த்தா கும்முனு இருக்கும்ல!"

இறக்கிய காருக்கு டயர் தேடும் பெரும்பாலானவர்கள் செய்வது இதைத்தான். அகலத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, மற்றதையெல்லாம் அதற்குப் பின்னால் ஓடவிடுகிறார்கள். சரியான வரிசை வேறு: முதலில் டயரின் உயரம், அப்புறம் ஆர்ச்சுக்குள் இருக்கும் இடம், அப்புறம் ரிம், கடைசியாகத்தான் அகலம். இந்த வரிசையிலேயே போவோம்.

முதலில், உங்கள் காருக்கு ஸ்டாகர்டு வேண்டுமா?

முன்னால் ஒல்லி டயர், பின்னால் அகல டயர் போடுவதுதான் ஸ்டாகர்டு. நான்கும் ஒரே அளவு என்றால் ஸ்கொயர். பின்சக்கரம் தள்ளும் காருக்கு ஸ்டாகர்டு பொருந்தும். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் எடை பின்பக்கம் சாயும், இன்ஜின் பலமும் அங்கேதான் தரையில் இறங்கும். அங்கே ரப்பர் அதிகம் இருந்தால் பிடிப்பு அதிகம். இன்னொரு காரணமும் உண்டு. வளைவில் பின்பக்கம் வழுக்கிச் சுழல்வதைவிட முன்பக்கம் சற்று வெளியே ஒதுங்குவது சாதாரண ஓட்டுநருக்குச் சமாளிக்க எளிது. அதனால்தான் தயாரிப்பாளர்களே பல கார்களை ஸ்டாகர்டாக அனுப்புகிறார்கள்.

முன்சக்கரம் இழுக்கும் காரா? விட்டுவிடுங்கள், அது வெறும் அழகுக்கு மட்டும்தான். நான்கு சக்கரமும் இழுக்கும் கார் என்றால் கையேட்டில் உள்ள ஜோடியைத் தாண்டாதீர்கள். முன்பின் டயர்களின் சுற்றளவு விகிதம் மாறினால், இன்ஜின் பலத்தை முன்னுக்கும் பின்னுக்கும் பங்கிடும் டிரான்ஸ்ஃபர் கேஸ் நிற்காமல் உழைத்துச் சூடாகி, சீக்கிரமே பெரிய செலவு வைக்கும்.

ஒரு நஷ்டத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஸ்டாகர்டில் முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன் செய்ய முடியாது. பின் ஜோடி முதலில் தேயும், அதை மட்டும் தனியாக வாங்க வேண்டியிருக்கும்.

படி 1: பக்கச் சுவரில் உள்ள எண்ணைப் படியுங்கள்

225/40 ஆர்18 என்றால், 225 என்பது டயரின் அகலம், மி.மீட்டரில். 40 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் 40 சதவீதம். 18 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில். இந்த மூன்றும் தெரிந்தால் டயரின் முழு உயரத்தையும் கணக்கிட்டுவிடலாம்.

225-இல் 40 சதவீதம் 90 மி.மீ. மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக 180. ரிம் 18 × 25.4 = 457.2. கூட்டினால் 637.2 மி.மீ.

ஈ89-க்கு 18 இன்ச்சில் கம்பெனி தரும் ஜோடி, முன்னால் 225/40, பின்னால் 255/35. பின் டயருக்கு அதே கணக்கைப் போட்டால் 635.7 வருகிறது. அகலத்தில் 30 மி.மீ. வித்தியாசம் இருந்தும் உயரத்தில் ஒன்றரை மி.மீ.தான் வித்தியாசம். அகலம் கூடக்கூட அந்தச் சதவீத எண்ணைக் குறைத்து உயரத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஸ்டாகர்டின் சூட்சுமமே இதுதான்.

படி 2: உயரத்தைப் பூட்டுங்கள்

தம்பி போட்டது 275/35 ஆர்18. கணக்குப் போட்டால் 649.7. பழையதைவிட 14 மி.மீ. உயரம். "கம்பெனி சைஸிலிருந்து 3 சதவீதத்துக்குள் இருந்தால் போதும்" என்று எல்லோரும் சொல்லும் விதிப்படி பார்த்தால் இது 2.2 சதவீதம்தான், தேறிவிடுகிறது. ஆனாலும் உரசியது. அந்த விதி ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாமல் இருப்பதற்கானது. உங்கள் ஆர்ச்சுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. இறக்கிய காருக்கு நான் 1 சதவீதத்தை ஒட்டியே நிற்பேன்.

முன்பின் விகிதத்தையும் கலைக்காதீர்கள். ஏபிஎஸ் ஒவ்வொரு சக்கரத்தின் சுழற்சியையும் எண்ணி ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். சில ஸ்போர்ட்ஸ் கார்களில் கம்பெனியே பின் டயரை நல்ல உயரமாகக் கொடுத்திருக்கும். அங்கே இரண்டையும் சமமாக்கப் போவதும் தப்புதான். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள ஜோடியைக் கணக்கிட்டு, அந்த வித்தியாசத்தை அப்படியே காப்பாற்றுங்கள்.

இனி ரிம்மின் விட்டம். 255/40 ஆர்17 = 635.8. 255/35 ஆர்18 = 635.7. 255/30 ஆர்19 = 635.6. மூன்றும் கிட்டத்தட்ட ஒரே உயரம். ஆனால் பக்கச் சுவர் முதலாவதில் 102 மி.மீ., இரண்டாவதில் 89, மூன்றாவதில் 76.5. பெங்களூருவில் தினமும் ஓட்டுகிறீர்கள் என்றால் 19 பக்கமே போகாதீர்கள். மழைக்காலத்தில் தண்ணீர் நிரம்பிய குழி எவ்வளவு ஆழம் என்று யாருக்குத் தெரியும்? குழியின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் சுவர் நசுங்கி உள்ளே நூல் அறுந்தால், மறுநாள் பக்கவாட்டில் கோழிமுட்டை மாதிரி ஒரு கொப்புளம் நிற்கும். அந்த டயரை ஒட்டவும் முடியாது, ஓட்டவும் முடியாது. 17 போட ஆசையென்றால் பிரேக் கேலிப்பருக்கு இடிக்காதா என்று மட்டும் ரிம்மை மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

படி 3: களிமண் சோதனை

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. செலவு ஐம்பது ரூபாய், குழந்தைகள் விளையாடும் கலர் களிமண் ஒரு பாக்கெட்.

நின்றிருக்கும் காரில் டயருக்கும் ஃபெண்டருக்கும் (சக்கரத்துக்கு மேலே உள்ள வெளித்தகடு) நடுவில் எத்தனை விரல் போகிறது என்று பார்த்து முடிவு செய்பவர்கள் அதிகம். கார் நிற்கும்போது டயர் எங்கும் உரசாது. பள்ளத்தில் விழுந்து ஸ்பிரிங் அமுங்கும்போதுதான் உரசும். ஒரு சங்கதி பலருக்குப் பிடிபடுவதில்லை. லோயரிங் ஸ்பிரிங் போட்டதால் மட்டும் சக்கரம் மேலே போகும் கடைசி எல்லை மாறுவதில்லை. அதைத் தடுப்பது பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் கட்டை. முன்பு எப்போதாவது தொட்ட அந்த எல்லையை இறக்கிய கார் தினமும் தொடுகிறது, அவ்வளவுதான். ஆனால் ஸ்பிரிங் மாற்றும்போது அந்த ரப்பரை வெட்டியிருந்தால் எல்லையே மேலே ஏறிவிடும். வெட்டினார்களா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். தம்பியின் காரில் வெட்டியிருந்தார்கள்.

இப்போது மாட்டியிருக்கும் டயரோடே செய்யலாம். டேங்கை நிரப்புங்கள். எலுமிச்சை அளவு உருண்டைகளைப் பிடித்து, லைனரின் உச்சியில் ஒன்று, ஃபெண்டரின் உள்விளிம்பில் ஒன்று, உள்பக்கம் டயருக்கு மிக அருகில் நீட்டிக்கொண்டிருக்கும் பாகத்தில் ஒன்று என்று ஒட்டுங்கள். முன்சக்கரத்துக்கு ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பி, பம்பரின் பின்விளிம்பிலும் ஒன்று. ஒட்டும் இடத்தைத் துணியால் துடைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாதி வழியில் உதிர்ந்துவிடும். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துத் தெருவை ஒரு சுற்று வாருங்கள். ஸ்பீட் பிரேக்கர் 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் நீளமும் இருக்க வேண்டும் என்று, சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டுதல் சொல்கிறது. நம் தெருவில் இருப்பது வயல் வரப்பு மாதிரி நறுக்கென்று நிற்கும். சோதனைக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

திரும்பி வந்ததும் ஒவ்வோர் உருண்டையும் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பாருங்கள். ஒரு தீக்குச்சியைக் குத்தி, மிச்சமிருக்கும் தடிமனை ஸ்கேலில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அதுதான் உங்களுக்கு உண்மையில் இருக்கும் இடம். அதில் 5 மி.மீ.யைத் தொடாமல் விட்டுவிட்டு மிச்சத்தைத்தான் செலவழிக்கலாம்.

படி 4: ரிம்மும் ஆஃப்செட்டும்

ரிம்மின் உள்பக்கத்தில் 8.5ஜே ஈடி40 என்பது போலப் பொறித்திருப்பார்கள். 8.5 என்பது ரிம்மின் அகலம், இன்ச்சில். ஈடி என்பது ஆஃப்செட், அதாவது காரில் சக்கரம் மாட்டும் ஹப்பில் ஒட்டும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளியே தள்ளி இருக்கிறது என்பது. ஈடி குறைந்தால் சக்கரம் வெளியே வரும், கூடினால் உள்ளே போகும்.

உதாரணத்துக்கு 8.5ஜே ஈடி40-லிருந்து 9.5ஜே ஈடி40-க்குப் போனால் ஒரு இன்ச் கூடுகிறது, உள்ளே 12.7, வெளியே 12.7. அதே 9.5ஜே ஈடி35 என்றால் வெளியே 17.7, உள்ளே 7.7. களிமண் கணக்கில் எந்தப் பக்கம் இடம் இருந்ததோ அந்தப் பக்கம் தள்ளுங்கள்.

ஒவ்வொரு டயருக்கும் ரிம் அகல வரம்பு உண்டு. 225/40 ஆர்18-க்கு 7.5 முதல் 9 வரை, 255/35-க்கு 8.5 முதல் 10 வரை. தம்பி போட்ட 275/35-க்குக் குறைந்தது 9 வேண்டும். அவன் அதைப் பழைய 8.5-லேயே திணித்திருந்தான். சுவர் பக்கவாட்டில் பிதுங்கி நின்றது. பிசிடியும் (போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும்) நடுத்துளையும் பொருந்த வேண்டும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. ஈ89-க்கு 5×120.

படி 5: இப்போதுதான் அகலம்

இந்தப் படி குட்டிப் படி. உயரம் பூட்டியாயிற்று, இடம் அளந்தாயிற்று, ரிம் தெரியும். மிச்சம் ஒன்றோ இரண்டோ அளவுதான் இருக்கும். 255/35-லிருந்து 265/35-க்குப் போனால் 10 மி.மீ. அகலம், பக்கத்துக்கு 5. ஆரத்தில் 3.5 மி.மீ. உயரம். ரிம் 9-க்குக் குறையக்கூடாது. களிமண் அனுமதித்தால் போடுங்கள். இல்லையென்றால் கம்பெனி அளவே போதும், யாரும் குறை சொல்லப்போவதில்லை.

படி 6: கடைக்குப் போகும்போது

ரிம்முக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் டயர் கிடைக்குமா என்று கேளுங்கள். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு மத்திய அரசின் கட்டுப்பாடு வந்ததிலிருந்து அபூர்வ அளவுகள் சுலபத்தில் கிடைப்பதில்லை. ஜே.சி. ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கி, முன் அளவும் பின் அளவும் ஒரே கம்பெனி, ஒரே மாடலில் இருக்கிறதா என்று பாருங்கள். முன்னால் ஒரு கம்பெனி, பின்னால் ஒரு கம்பெனி என்றால் நனைந்த ரோட்டில் இரண்டும் இரண்டு விதமாகப் பிடிக்கும்.

அளவுக்குப் பக்கத்தில் 94டபிள்யூ என்பது போல இருக்கும். 94 என்றால் ஒரு டயர் 670 கிலோ தாங்கும், 92 என்றால் 630. டபிள்யூ என்பது மணிக்கு 270 கி.மீ. வரை. கம்பெனி கொடுத்ததைவிட இவை குறையக்கூடாது. தயாரித்த தேதி நாலு இலக்கத்தில் இருக்கும், 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரம். ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்க வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, தயாரிப்பாளரின் மூல விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கையேட்டில் இருக்கும் ஜோடியிலேயே நின்றால் டயர் விஷயத்தில் போலீஸ், இன்சூரன்ஸ் இரண்டு தலைவலியும் இல்லை. நான் 255-லேயே நின்றுவிடச் சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

படி 7: மாட்டிய பிறகு

அலைன்மென்ட் கட்டாயம். இறக்கிய காரில் பின்சக்கரங்களின் தலை உள்பக்கம் சாயும், அதுதான் நெகட்டிவ் கேம்பர். டோவும் (சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) தப்பாக இருந்தால் டயரின் உள்விளிம்பு மட்டும் சத்தமில்லாமல் கரையும். வெளியிலிருந்து பார்த்தால் புது டயர் மாதிரியே தெரியும். மாதம் ஒருமுறை குனிந்து, கார் குளிர்ந்திருக்கும்போது, உள்விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியும் அந்த டயர் செல்லாது.

எங்கள் அலைன்மென்ட் அண்ணன் கிருஷ்ணகிரிக்காரர். தம்பியின் காரை லிஃப்டில் ஏற்றிவிட்டு, கழற்றிய 275-ஐ உருட்டிப் பார்த்தார். "ஏன் சார், லாரிக்கு வாங்கினதா?" என்றார். 255/35 மாட்டினோம், வெட்டிய பம்ப் ஸ்டாப்புக்குப் பதில் புதுசு போட்டோம். அடுத்த ஞாயிறு அதிகாலை மறுபடி களிமண் ஒட்டிக்கொண்டு நந்தி மலைக்கு ஏறி இறங்கினோம். வீட்டு வாசலில் டார்ச் அடித்துப் பார்த்தபோது பின் ஆர்ச்சின் உச்சியில் இருந்த மஞ்சள் உருண்டையில், ஒட்டும்போது பதிந்த என் கட்டைவிரல் ரேகை கலையாமல் இருந்தது.