காரின் எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது? எடைமேடையில் கண்டுபிடிக்கலாம்

“எஃகுக்குப் பதில் அலுமினியம் போட்டால் கார் வளைவில் நன்றாகத் திரும்புமா?” பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருப் பையன்கள் கேட்கும் கேள்வி இது. காரின் எந்த இடத்து எஃகை மாற்றுகிறோம் என்பதைப் பொறுத்ததே விடை. ஒரு கன சென்டிமீட்டர் எஃகு 7.85 கிராம், அலுமினியம் 2.7, கார்பன் ஃபைபர் சுமார் 1.6. அலுமினியம் எளிதில் வளையும் என்பதால் தகட்டைத் தடிமனாக்க வேண்டும். அதனால் எடை மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிடாது.

படி 1: ஓசூர் சாலைப் பக்கம் லாரி எடைமேடை ஒன்றுக்குப் போங்கள். முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு ரசீது, முழுக் காரையும் ஏற்றி இன்னொன்று. என் காரில் முன்னே 540 கிலோ, மொத்தம் 900. முன் அச்சில் 60 சதவீதம். மேடை ஐந்து, பத்து கிலோ கணக்கில்தான் காட்டும். எஃகு பானெட்டை (எஞ்சின் மூடியை) அலுமினியமாக மாற்றினால் குறையும் எடை அதில் சரியாகத் தெரியாது.

படி 2: அச்சுகளுக்கு இடையிலான தூரத்தைப் பின் அச்சின் பங்கால் பெருக்குங்கள். 2,450 × 0.4 = 980 மி.மீ. முன் அச்சிலிருந்து அவ்வளவு பின்னால் ஈர்ப்பு மையம், அதாவது காரின் மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி, இருக்கிறது.

படி 3: இப்போது ஒரு பொருளை மாற்றிப் பாருங்கள். நான் டிக்கியில் எஃகு சிஎன்ஜி (அழுத்திய இயற்கை எரிவாயு) சிலிண்டர் வைத்தேன். 60 கிலோ, ஏறக்குறைய பின் அச்சுக்கு நேர் மேலே. முன்பங்கு 56.25 சதவீதமாக இறங்கியது. மழை நாளில் ஹெப்பாள் மேம்பாலச் சுற்றுப்பாதையில் பிரேக்கை லேசாகத் தொட்டதும், பின்பக்கம் வெளியே நழுவப் பார்த்ததை இடுப்பில் உணர்ந்தேன். அதே இடத்தில் 25 கிலோ கார்பன் ஃபைபர் சிலிண்டர் என்றால் கணக்கு 58.4 சதவீதம். அங்கீகாரம் பெற்ற சிலிண்டரை, அங்கீகாரம் பெற்ற இடத்தில் மட்டுமே பொருத்துங்கள்.

படி 4: உயரத்தையும் பாருங்கள். கூரையில் குறையும் ஐந்து கிலோ, தரைத்தகட்டில் குறையும் ஐந்து கிலோவைவிட மதிப்பு மிக்கது. வளைவில் கார் சாய்வது அதனால் குறையும். 2001இல் நம் பெங்களூரில் பிறந்த ரேவா மின்காரை நினைத்துக்கொள்ளுங்கள்: கனமான ஈய பேட்டரிகள் இருக்கைக்கு அடியில், மேலே பிளாஸ்டிக் உடல். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

படி 5: சக்கரம். ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள எடை குறைந்தால், குழியில் இறங்கிய டயர் சீக்கிரம் சாலையைப் பற்றும். ஆனால் அலாய் (அலுமினியக் கலவைச் சக்கரம்) என்றாலே லேசு என்று நம்பிவிடாதீர்கள். ஜே.சி. ரோட்டில் எனக்குப் பிடித்த அலாய் சக்கரத்தைத் தராசில் வைக்கச் சொன்னேன். என் எஃகுச் சக்கரத்தைவிட 400 கிராம் கூடுதல். வாங்காமல் திரும்பினேன்.