சாமி மாடத்தைப் பார்த்து வாய் திறக்காதீர்கள்: மனிதநேயக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

போன மாதம் கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் புதிய பிள்ளைகள் மூவரை அழைத்துப் போயிருந்தேன். மூவரும் கல்லூரியில் படிக்கிறார்கள். கடவுள் நம்பிக்கை சாராமல் உதவி செய்யும் எங்கள் மனிதநேயக் குழுவில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வீட்டுக்கார அம்மா தேநீர் கலக்க உள்ளே போனார். அந்த நேரம் பார்த்து ஒரு தம்பி சுவரில் மாட்டியிருந்த சாமி படங்களை எண்ணினார். "பதினொண்ணு இருக்கு. இத்தனை பேர் இருந்தும் வாடகை கட்ட முடியலையே" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்தது ஒரு துணித் திரை மட்டும்தான்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏறக்குறைய அதே வார்த்தைகளை நானும் ஒரு வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். தாமதமாகப் போவது, தொலைபேசியை நோண்டிக்கொண்டே பேசுவது போன்றவற்றைப் பற்றி எழுதப்போவதில்லை. ஒருமுறை யாராவது முகம் சுளித்தால் அவை தானாகத் திருந்திவிடும்.

படம் எடுப்பது

வேண்டாம். முகத்தை மறைத்துப் போட்டாலும் வேண்டாம்.

கேட்காமல் கொடுப்பது

வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஐயா ஒருவர் வீட்டுக்கு நாங்கள் மாதாமாதம் கொடுத்த பையில் சார்டின் டின்னும், கருவாடும், பாக்கெட் மீயும் இருந்தன. எல்லாமே உப்பு, எல்லாமே அவர் தொடக்கூடாதவை. அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கி அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவந்தார். நான்காவது மாதம்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவருக்கு உண்மையில் தேவைப்பட்டது சிகிச்சை நிலையத்துக்குப் போய்வர வண்டி. எங்கள் குழுவில் அப்போது கார் வைத்திருந்தவர்கள் ஆறு பேர். ஒரு கேள்வி கேட்டிருந்தால் முதல் மாதமே முடிந்திருக்கும் வேலை அது.

உதவப்போன இடத்தில் கொள்கையைப் பேசுவது

நான் செய்த தவறு இது. நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது, என்மேல்.

2011. லெம்பா பந்தாயில் ஒரு பிளாட். அங்கே ஓர் அக்கா இருந்தார். தோட்டத்து லயத்தில் பிறந்தவர், பிறப்பைப் பதியவே இல்லை. கணவருக்குக் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை (ஐசி) உண்டு. ஆனால் கோயிலில் தாலி கட்டியதோடு சரி, திருமணத்தைப் பதிவு செய்யவில்லை. நம்மவர்களில் எத்தனை பேர் தாலி ஏறினால் கல்யாணம் முடிந்தது என்று நினைத்து விட்டுவிட்டார்கள்! பெற்றோர் திருமணம் பதிவாகாவிட்டால் பிள்ளை தாயின் நிலையைத்தான் பெறும். தாய்க்கோ எந்தப் பத்திரமும் இல்லை. அதனால் கோலாலம்பூரிலேயே பிறந்த அந்தப் பையனின் பிறப்புப் பத்திரத்தில் 'குடிமகன் அல்லர்' என்று இருந்தது. கணவரும் இறந்துவிட்டார். பையனுக்கு வயது 18.

வழி ஒன்று இருந்தது. மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 15ஏ பிரிவு, சிறப்புச் சூழ்நிலை இருந்தால் 21 வயதுக்கு உட்பட்ட ஒருவரைக் குடிமகனாகப் பதிய அரசாங்கத்துக்கு அப்போது அதிகாரம் தந்தது. கிடைக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் மனு போட்டால்தானே பதிலாவது வரும்? நாங்கள் ஏழு மாதம் அலைந்தோம். தமிழ்ப்பள்ளியில் படித்ததற்கான கடிதம், பிரசவம் பார்த்த மருத்துவமனையின் பதிவு, அந்த அக்காவைச் சிறு பிள்ளையிலிருந்து தெரிந்த பெரியவர்கள் இருவரின் சத்தியப் பிரமாணம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். மிச்சமிருந்தது அக்காவின் கையெழுத்தும் கணவரின் இறப்புப் பத்திரமும்தான்.

தைப்பூசம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். பையன் தலை மொட்டையாக இருந்தான். பத்துமலைக்குக் காவடி எடுத்திருக்கிறான், இந்தப் பத்திரம் கிடைக்க வேண்டும் என்ற நேர்த்திக்கடன். அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "முருகன் கண்ணத் திறந்துட்டான் தம்பி" என்றார்.

"முருகன் வரிசையில நிக்கலக்கா, நாங்கதான் நின்னோம்" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. 272 படி ஏறின நேரத்தில் திருமணத்தைப் பதிந்திருந்தால் பிள்ளைக்கு இந்த நிலை வந்திருக்காது என்றும் சொன்னேன். சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் என்னைப் பல நாள் ஏமாற்றியது. உண்மையைத்தானே சொன்னேன், அதில் என்ன தப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அக்கா பதில் பேசவில்லை. தேநீர் கொடுத்தார். இறப்புப் பத்திரத்தைத் தேடி வைப்பதாகவும் அடுத்த வாரம் வரும்படியும் சொன்னார். அடுத்த வாரம் வீடு பூட்டியிருந்தது. தொலைபேசியை எடுக்கவில்லை. எங்கள் கோப்பு எங்களிடமே இருந்தது.

போய்த் தேடியிருக்க வேண்டும். நான் தேடவில்லை. ஏழு மாதம் உழைத்தவனை இப்படி விட்டுவிட்டார்களே, தேவை என்றால் வரட்டும் என்று இருந்துவிட்டேன். அதற்குள் வேறு வீடு, வேறு கோப்பு என்று நாள் ஓடியது. கோப்பை மறுபடி எடுத்துப் பார்த்தபோது பையனுக்கு 21 முடிந்திருந்தது. 15ஏ கதவு மூடிவிட்டது.

அதற்குப் பிறகு இருக்கும் வழி 19ஆம் பிரிவு. 12 ஆண்டுகளில் மொத்தம் 10 ஆண்டு இந்நாட்டில் வசித்திருக்க வேண்டும், மலாய் மொழி போதிய அளவு தெரிந்திருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும். இதையெல்லாம் காட்டத் தாள் வேண்டும். தாளே இல்லாதவன் எதைக் காட்டுவான்?

சில ஆண்டுகள் கழித்துக் கிள்ளானில் அவனைப் பார்த்தேன். கார் கழுவும் கடையில் நாள் கூலி. வங்கிக் கணக்கு கிடையாது, அரசு மருத்துவமனைக்குப் போனால் வெளிநாட்டவர் கட்டணம். அவனே வந்து பேசினான். "அம்மா உங்கள ஒரு நாளும் திட்டலண்ணே. வெக்கமா இருக்கு, அவங்க மூஞ்சில முழிக்க முடியாதுன்னு சொன்னாங்க" என்றான். நான் கடவுளைப் பற்றிப் பேசியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா காதில் விழுந்தது, தன் பிள்ளை வாழ்க்கையைத் தானே கெடுத்துவிட்டோம் என்ற ஒன்றுதான்.

இதைப் படிக்கும் தோழர்கள் சிலர், அப்படியானால் நம் கொள்கையை எங்கேதான் பேசுவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நான் என் கருத்தை மாற்றிக்கொண்டவன் அல்லன். 1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்து இறங்கியதையும், அவர் இந்த நாட்டின் பல ஊர்களில் பேசியதையும் என் தாத்தா கதை கதையாகச் சொல்லக் கேட்டு வளர்ந்தவன். ஆனால் அவை பொதுக்கூட்டங்கள். கேட்க வேண்டும் என்று வந்தவர்கள் கேட்டார்கள், பிடிக்காதவர்கள் எழுந்து போனார்கள். பத்திரத்துக்கு நம்மை நம்பியிருக்கும் ஒருவர் எங்கே எழுந்து போவார்? அவர் வீட்டிலேயே அல்லவா போய் உட்கார்ந்திருக்கிறோம்?

நம்மைப் போன்ற சங்கங்களுக்கு முன்னோடியான நியூயார்க் அறநெறிப் பண்பாட்டுச் சங்கத்தை ஃபீலிக்ஸ் ஆட்லர் 1876இல் தொடங்கினார். அவர் ஒரு யூத குருவின் மகன். என்ன நம்புகிறாய் என்பதைவிட என்ன செய்கிறாய் என்பதே முதலில் என்றார். அடுத்த ஆண்டே ஏழைகளின் வீட்டுக்குப் போய் நோயாளிகளைக் கவனிக்கத் தாதியரை அனுப்பினார்கள். 1878இல் இலவசப் பாலர் பள்ளி திறந்தார்கள். அதற்கும் முன்பு, 1867இல், வள்ளலார் வடலூரில் தருமச்சாலை வைத்தார். அவர் கடவுளை நம்பியவர், ஆட்லர் அதைத் தனியாக வைத்தவர். பசியோடு வந்தவனை, நோயில் கிடந்தவளை இருவரும் எதுவும் கேட்காமல் கவனித்தார்கள்.

எங்கள் குழுவில் இப்போதுள்ள வழக்கத்தைச் சொல்கிறேன். "நீங்க சாமி கும்பிடுவீங்களா தம்பி?" என்று கேட்டால், "இல்லக்கா" என்று உண்மையைச் சொல்லுங்கள். அதற்கு மேல் அவர் கேட்டால் மட்டும் பேசுங்கள். திருநீறு கொடுத்தால் நான் கையில் வாங்கிக்கொள்வேன், பூச மாட்டேன். வாங்கவும் கூடாது என்பார்கள் சில தோழர்கள். அது அவரவர் மனசாட்சி. தட்டிவிடக் கூடாது என்பதில் மட்டும் எங்களுக்குள் இரண்டு கருத்து இல்லை.

'கிடைச்சிடும்' என்று சொல்வது

சொல்லாதீர்கள். 'மனு போடுவோம்' என்று சொல்லுங்கள்.

தேதியைக் கவனிக்காதது

கோப்பின் மேலட்டையில் முதலில் எழுத வேண்டியது பெயரை அல்ல, பிறந்த தேதியை. 15ஏ பிரிவின் அந்த 21 வயது வரம்பை 18 ஆகக் குறைக்கும் அரசியலமைப்புத் திருத்தம் 2024 அக்டோபரில் மக்களவையில் நிறைவேறியது. அதனால் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை உள்ள வீட்டுக்குத்தான் முதலில் ஓட வேண்டும். 12 வயதாகியும் மைகாட் அடையாள அட்டை எடுக்காத பிள்ளை ஒன்று கண்ணில் பட்டால், காரணத்தை அன்றே கேளுங்கள். பெரும்பாலும் அங்கிருந்துதான் கதை தெரியவரும். அப்புறம், அசல் பத்திரத்தை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். அங்கேயே நகல் எடுத்துக் கையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

ஞாயிறு கூட்டத்தைச் சொற்பொழிவாக்குவது

ஒரு மணி நேரம் ஒருவர் பேச, மற்றவர்கள் கேட்டுவிட்டுக் கலைந்தால் அது வகுப்பு. கோயிலுக்குப் போகாத முதியவர் ஒருவருக்கு வாரத்தில் நாலு முகம் பார்க்க வேறு இடம் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் கூடும்போது பேச்சுக்கு இருபது நிமிடம்தான். மீதி நேரம் தேநீர், பிள்ளைகளின் பாட்டு, போன வாரம் வராதவர் ஏன் வரவில்லை என்ற விசாரிப்பு. கொள்கையை வாதாட அதுதான் இடம். அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடுங்கள்.

கணக்கு

ஆண்டுக்கூட்டம் முடிந்த 60 நாளில் சங்கப் பதிவிலாகாவுக்குக் கணக்கு போக வேண்டும், 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அனுமதி இல்லாமல் தெருவில் உண்டியல் குலுக்காதீர்கள்.

மன்னிப்பைத் தள்ளிப்போடுவது

செந்தூலில் அன்று லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஒன்பதாவது மாடியிலிருந்து இறங்கும்போது அந்தத் தம்பியிடம் லெம்பா பந்தாய்க் கதையைச் சொன்னேன். கீழே வந்ததும், "அடுத்த வாரம் வரும்போது மன்னிப்பு கேட்கிறேண்ணே" என்றார். "இப்பவே போவோம்" என்றேன். மறுபடி ஏறினோம்.

கதவைத் திறந்த அம்மா எதையோ மறந்து வைத்துவிட்டோம் என்று நினைத்தார். தம்பி மூச்சு வாங்கிக்கொண்டே, "நான் பேசினது தப்பும்மா, மன்னிச்சிடுங்க" என்றார். அம்மா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். அப்புறம், "பதினொண்ணு இல்லப்பா, பன்னெண்டு. கதவுக்குப் பின்னால ஒண்ணு இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே வரச் சொன்னார்.