எக்ஸ் கதிர் மூலத்துக்குப் பக்கத்து நட்சத்திரத்தைப் பிடித்த கதை

ரோசாட் செயற்கைக்கோள் 1990-91இல் பதிவு செய்த எக்ஸ் கதிர் மூலங்கள் ஒவ்வொன்றும் எந்த நட்சத்திரம் என்று, கையா விண்கலம் அளந்த நட்சத்திரங்களின் அட்டவணையில் தேடிக்கொண்டிருந்தேன். தேடும் கணினி நிரலைச் சோதிக்க, விடை தெரிந்த பிராக்சிமா சென்டாரியையே (சூரியனுக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரம்) கொடுத்தேன். 20 வில்விநாடி (ஒரு பாகையில் 3600 வில்விநாடி) வட்டத்துக்குள், கண்ணுக்கே எட்டாத ஏதோ மங்கல் நட்சத்திரத்தை எடுத்துக் கொடுத்தது. அது பால்வீதித் தளத்தை ஒட்டிய பகுதி. எங்கே வட்டம் போட்டாலும் நாலு நட்சத்திரம் சிக்கும்!

சந்தேகம் வந்தது வெளிச்சத்தால்தான். அவ்வளவு மங்கலான சாதாரண நட்சத்திரத்திலிருந்து அத்தனை எக்ஸ் கதிர் வருமா?

அப்புறம்தான் ஆண்டு உறைத்தது. நான் எடுத்த கையாவின் மூன்றாம் வெளியீடு தரும் இடங்கள் 2016க்கு உரியவை. பிராக்சிமா ஆண்டுக்கு 3.85 வில்விநாடி நகர்கிறது. ரோசாட் பார்த்ததிலிருந்து 25 ஆண்டில் சுமார் 96 வில்விநாடி. வட்டத்தை விட்டே போய்விட்டது.

சரி, முதலில் 3 வில்நிமிடத்துக்கு (180 வில்விநாடி) வலை வீசி, அகப்பட்ட ஒவ்வொரு நட்சத்திரத்தையும் அதன் நகர்வைக் கொண்டு 1990க்குப் பின்னோக்கி நகர்த்தி, அதற்குப் பிறகே வட்டத்தை 20 வில்விநாடிக்குச் சுருக்கினேன். அப்போதும் இடறியது. கையாவின் கிழக்கு-மேற்கு நகர்வில், நட்சத்திரம் வான நடுக்கோட்டிலிருந்து எத்தனை பாகை தள்ளியிருக்கிறதோ அந்தக் கோணத்தின் கொசைன் ஏற்கெனவே பெருக்கப்பட்டிருக்கும். கிழக்கு-மேற்கு ஆயத்தொலைவை மாற்றும்போது நான் அதால் வகுக்க மறந்திருந்தேன். பிராக்சிமா இருக்கும், தெற்கே 62 பாகை தாண்டிய இடத்தில் அந்த மறதி கிழக்கு-மேற்கு நகர்வை அரைப்பங்குக்கும் கீழே குறைத்துவிடும். அரை நாள் போனது அதில்தான். வகுத்ததும் பிராக்சிமா வட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தது.