பூச்சில்லாச் செங்கற்சுவரில் படிந்த பாசியை அழுத்த நீர் இல்லாமல் நீக்கும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்வதால், அங்குள்ள பூச்சில்லாச் செங்கற்சுவர்கள் ஆண்டின் பெரும்பகுதி ஈரமாகவே இருக்கின்றன. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் கட்டிக்காட்டிய கட்டுமுறையைப் பின்பற்றி இப்பகுதியில் வீடு கட்டியவர்கள் பலர், சில ஆண்டுகளில் வடக்குப் பார்த்த சுவரில் பச்சையும் கறுப்புமாகப் பாசி படர்வதைக் கண்டு, வாகனம் கழுவும் அழுத்த நீர் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து வருகிறார்கள். ஒரே மணி நேரத்தில் சுவர் பளிச்சென்று ஆகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பளிச்சிடலுக்குச் சுவர் கொடுக்கும் விலை பெரியது.

சூளையில் வெந்த செங்கல்லின் மேற்பரப்பு உட்பகுதியைவிட உறுதியானது. 100 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தத்தில் பாயும் நீர் அந்த மேற்பரப்பைச் சிதைக்கிறது, இணைப்புகளில் உள்ள சாந்தை அரித்தெடுக்கிறது, தண்ணீரைச் சுவருக்குள்ளும் செலுத்துகிறது. நம் நாட்டுச் செங்கல் தரநிர்ணயம், சாதாரண வகைச் செங்கல் தன் எடையில் 20 சதவீதம் வரை நீரை உறிஞ்சலாம் என்று அனுமதிக்கிறது. அதாவது 3 கிலோ எடையுள்ள ஒரு கல் 600 மில்லி தண்ணீர் வரை உள்ளிழுத்துக்கொள்ளலாம். மேற்பரப்பு சொரசொரப்பாகி, உள்ளே ஈரமும் தங்கிவிட்டால், அடுத்த மழைக்காலத்தில் பாசி முன்னைவிட எளிதாகப் பற்றிக்கொள்ளும். ஆகவே இங்கே விளக்கப்படும் முறையில், பாசியை முதலில் கொன்று, அது தானாகப் பிடியை விடும்வரை காத்திருந்து, பிறகு மென்மையாகத் தேய்த்து எடுக்கிறோம்.

முதலில், சுவரில் இருப்பது என்ன என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பச்சையாக வழுவழுப்புடன் இருப்பது பாசி. கறுப்புத் திட்டுகள் பெரும்பாலும் நீலப்பச்சை நுண்ணுயிர்களாகவோ பூஞ்சையாகவோ இருக்கும். செம்மஞ்சள் நிறத்தில் வெல்வெட் துணியின் மேற்பரப்பைப் போலப் படர்ந்திருப்பதும் ட்ரென்டிபோலியா என்ற பாசி வகைதான். அதைத் துருக்கறை என்று எண்ணி ஆசிட் ஊற்றிவிடுபவர்கள் உண்டு. வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் அது உப்பு. அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் கரைந்து மீண்டும் செங்கல்லுக்குள் இறங்கிவிடும் என்பதால், உலர்ந்த பிரஷ்ஷால் மட்டும் தட்டிவிட வேண்டும்.

அடுத்து, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டறிந்து சரிசெய்ய வேண்டும். மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழியும் குழாய், உடைந்த மழைநீர்க் குழாய், ஏசியிலிருந்து சொட்டும் நீர், அடிப்பக்கத்தில் தண்ணீர் வடியக் காடி (நீளப் பள்ளம்) விடப்படாத சன்ஷேடு, சுவரை ஒட்டி வளர்ந்த செடிகள், மழைத்துளி மண்ணில் விழுந்து சுவரடியில் தெறிப்பது ஆகியவையே பொதுவான காரணங்கள். பாசி நேர்க்கோடாக மேலிருந்து கீழே இறங்கியிருந்தால் அதன் உச்சியில் ஒரு கசிவு இருக்கும். தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை மட்டும் இருந்தால், தெறிக்கும் நீரோ தரையிலிருந்து ஏறும் ஈரமோ காரணம். இந்த வேலையை முடிக்காமல் சுவரைத் தேய்க்கத் தொடங்குவதில் பயனில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

தேவையான பொருள்கள் குறைவுதான்: தேங்காய் நார் பிரஷ் அல்லது நைலான் பிரஷ், செடிகளுக்கு மருந்தடிக்கும் 5 லிட்டர் கைத்தெளிப்பான், ரப்பர் கையுறை, கண்களைக் காக்கும் கண்ணாடி, முகக்கவசம், தோட்டத்துத் தண்ணீர்க்குழாய். கம்பி பிரஷ் கூடாது, ஏனெனில் அதிலிருந்து உதிரும் இரும்புத் துகள்கள் செங்கல்லின் துளைகளில் தங்கித் துருப்பிடிக்கும். பாசியைக் கொல்லப் பென்சல்கோனியம் குளோரைடு என்ற கிருமிநாசினியைப் பரிந்துரைக்கிறேன். இறால் பண்ணைகளில் பயன்படும் பொருள் என்பதால், அப்பண்ணைகளுக்குச் சரக்கு விற்கும் கடைகளிலும் ரசாயனக் கடைகளிலும் 50 சதவீத அல்லது 80 சதவீதச் செறிவில் கேட்டுப் பாருங்கள்.

மழை ஓய்ந்து சுவர் உலரும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலம் இதற்கு ஏற்றது. வேலையைத் தொடங்கும் முன், கண்ணில் படாத மூலையில் ஒரு சதுர அடிப் பரப்பில் எல்லாப் படிகளையும் செய்து, ஒரு வாரம் கழித்து நிறமாற்றமோ உப்புப் பூப்போ இல்லையென்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முதற்படியாக, உலர்ந்த பாசியைத் தண்ணீர் படாமலே பிரஷ்ஷால் தேய்த்து உதிர்க்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் பச்சைக் குழம்பாகி, செங்கல்லின் துளைகளுக்குள் அப்பிக்கொள்ளும். தடித்து வளர்ந்த பாசியை மரச் சிராய் அல்லது பிளாஸ்டிக் தகட்டால் நெம்பி எடுக்கலாம். இடுக்குகளில் அரசங்கன்றோ ஆலங்கன்றோ முளைத்திருந்தால் பிடுங்கக் கூடாது. வேர் சாந்தையும் சேர்த்துக்கொண்டு வரும். அடியோடு வெட்டிவிட்டு, இணைப்பைச் சரிசெய்யும்போது வேரை நிதானமாகத் தோண்டி எடுங்கள்.

இரண்டாம் படி மருந்து தெளிப்பது. 50 சதவீதச் செறிவுள்ள திரவத்தில் 100 மில்லி எடுத்து, மொத்தம் 5 லிட்டர் வரும்படி தண்ணீரில் கலந்தால் 1 சதவீதக் கரைசல் கிடைக்கும். 80 சதவீதச் செறிவானால் 60 மில்லிக்குச் சற்று அதிகமாக எடுத்தால் போதும். சோப்பு நீர் பட்டால் இந்த மருந்தின் வீரியம் போய்விடும் என்பதால், முன்பு சோப்பால் கழுவியிருந்தால் நன்றாக அலசி உலரவிட்ட பிறகே தெளிக்க வேண்டும். காற்றில்லாத காலை நேரத்தில், சுவரின் அடியிலிருந்து மேல்நோக்கி, நனையும் அளவுக்கு மட்டும் தெளியுங்கள். வழிந்தோடினால் அது மண்ணுக்குத்தான் போகும். மீனுக்கும் தவளைக்கும் இது நஞ்சு. முற்றத்தில் கிணறு இருந்தால் தார்ப்பாயால் மூடுங்கள், மீன் தொட்டியை அப்புறப்படுத்துங்கள், எஞ்சிய கரைசலைக் கால்வாயில் கொட்டாதீர்கள்.

மூன்றாம் படி காத்திருத்தல். குறைந்தது ஒரு நாள் மழை படாமல் இருக்க வேண்டும். ஓரிரு வாரங்களில் பச்சை மங்கிப் பழுப்பாகும். இந்த இடைவெளியில் பொறுமையிழந்து தேய்ப்பவர்கள்தான் அதிகம் உழைத்துக் குறைவான பலன் காண்கிறார்கள்.

பழுப்பு நிறம் வந்தபின் நார் பிரஷ்ஷால் தேய்த்து, தோட்டக் குழாயின் சாதாரண வேகத்தில் மேலிருந்து கீழாக அலசுங்கள். சில இடங்களில் கறுப்புச் சாயல் மிஞ்சினால், இரண்டாம் முறை மருந்து தெளித்துவிட்டு வெயிலுக்கும் மழைக்கும் விட்டுவிடுவது நல்லது.

பிளீச்சிங் பவுடரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விரைவாக வெளுக்கும் என்பதால் பலர் அதைக் கரைத்து ஊற்றுகிறார்கள். அதிலுள்ள கால்சியம் சுவரில் வெள்ளைப் படிவத்தையும், காற்றின் ஈரத்தை இழுக்கும் உப்பையும் விட்டுச்செல்கிறது. வேறு வழியே இல்லையென்றால், 4 முதல் 5 சதவீதச் செறிவுள்ள சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்தில் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து, சுவரை முன்கூட்டியே நனைத்துவிட்டுப் பூசி, கால் மணி நேரத்துக்குள் நிறைய நீரால் அலசுங்கள். எந்த நிலையிலும் இதை ஆசிட்டுடன் சேர்க்காதீர்கள். வெளிவரும் குளோரின் வாயு நுரையீரலைப் பாதிக்கும். தனியாகப் பயன்படுத்தினாலும் ஆசிட் சிமென்ட்டையும் சுண்ணாம்பையும் தின்றுவிடும் என்பதால், செங்கற்சுவருக்கு அது வேண்டவே வேண்டாம்.

சுவர் முழுதும் உலர்ந்தபின் சாந்து உதிர்ந்த இணைப்புகளை நிரப்புங்கள். சிமென்ட் சாந்தில் கட்டிய சுவருக்கு 1 பங்கு சிமென்ட், 1 பங்கு சுண்ணாம்பு, 6 பங்கு மணல் என்ற கலவை பொருந்தும். பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பும் மணலும் மட்டுமே போதும். சிமென்ட் வைத்தால் ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல் உதிரத் தொடங்கும். பளபளப்பான வார்னிஷ் அடிக்கும்படி யோசனை சொல்பவர்களுக்கு இணங்காதீர்கள். அதன் அடியில் சிக்கிய ஈரம் படலத்தை வெளுத்து உரித்துவிடும். காப்புப் பூச்சு தேவையென்றால், தண்ணீரை விலக்கி, ஆவி வெளியேற இடம்தரும் சிலேன் சிலாக்சேன் வகைத் திரவத்தை, இணைப்பு வேலை இறுகிய பிறகு அடிக்கலாம். தெறிக்கும் நீரைத் தடுக்க, சுவரடியில் இரண்டடி அகலத்துக்கு மண்ணை அகற்றி முக்கால் அங்குல ஜல்லி பரப்பிவிடுங்கள்.