பழைய பங்கு ஆலயத்தைப் பழுதுபார்க்கும் முறை

கடலோரக் கத்தோலிக்கப் பங்குகளில் பழைய ஆலயத்தின் சுவர் பெயரத் தொடங்கியதும் முதலில் அழைக்கப்படுபவர் பெயிண்டர். ஆனால் முதலில் பார்க்க வேண்டியவை கூரையும் வடிகாலும்தான். முத்துக்குளித்துறையில் 1581-இல் எழுந்த மணப்பாடு திருச்சிலுவை ஆலயம், 1713-இல் எழுந்த தூத்துக்குடி பனிமய மாதா ஆலயம் ஆகியவற்றிலிருந்து, அவற்றுக்குப் பின் ஊர் ஊராகக் கட்டப்பட்ட சிறிய பங்கு ஆலயங்கள் வரை, சிமென்டு வருவதற்கு முன் எழுந்தவை அனைத்தும் சுண்ணாம்புக் காரையால் கட்டப்பட்டவை. காரைக் கட்டடத்தைக் காரையின் முறையில்தான் பழுதுபார்க்க வேண்டும். கீழே சொல்லப்படுபவை எல்லாம் இந்த ஒன்றிலிருந்தே வருகின்றன.

வேலையைத் தொடங்கும் முன் ஆயரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலைப் பெற்றுவிடுங்கள். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1216-ஆம் சட்டம், ஆலயத்தைக் கட்டும்போதும் பழுதுபார்க்கும்போதும் வல்லுநர்களின் ஆலோசனையோடு திருவழிபாட்டு நெறிகளையும் திருக்கலை நெறிகளையும் கடைப்பிடிக்கச் சொல்கிறது. தொன்மையாலோ கலையழகாலோ மக்களின் பக்தியாலோ சிறப்புப் பெற்ற சுரூபங்களை, அதாவது திருவுருவங்களை, ஆயரின் எழுத்து அனுமதியின்றிச் சீரமைக்கக் கூடாது என்பது 1189-ஆம் சட்டம். அருகில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம் ஏதேனும் இருந்தால், அதன் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைப் பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் வரை முறைப்படுத்தப்பட்ட பகுதி என்பதையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த வேலை பதிவு செய்வது. ஒவ்வொரு சுவரையும் நேர் எதிரே நின்று படம் பிடியுங்கள். விரிசல், ஓதக் கறை, பெயர்ந்த பூச்சு ஆகியவற்றைச் சுவரின் வரைபடத்தில் குறியுங்கள். தரையில் பதித்த கல்லறைக் கற்களையும், தூண் அடியில் உபயகாரர் பெயர் வெட்டிய கற்களையும் எழுத்துக்கு எழுத்து படியெடுத்து வையுங்கள். பழைய திருமுழுக்குப் பதிவேடுகளின் கடைசிப் பக்கங்களையும் கணக்கேடுகளையும் புரட்டிப் பார்ப்பது நல்லது. எந்த ஆண்டில் கூரை மாற்றினார்கள், எந்த ஊரிலிருந்து மரம் வந்தது என்பது போன்ற குறிப்புகள் பல பங்குகளில் அங்கேதான் கிடக்கின்றன.

பிறகு ஒரு மழைக்காலம் காத்திருங்கள். இந்த யோசனையைப் பங்குப்பேரவை எளிதில் ஏற்காது. ஆனாலும் இதைவிடப் பயனுள்ள ஆய்வு எனக்குத் தெரிந்து வேறில்லை. ஐப்பசி அடைமழையில் குடையோடு ஆலயத்தைச் சுற்றி நடந்து, நீர் எங்கே வழிகிறது, எங்கே தேங்குகிறது, எந்தச் சுவர் நனைந்த பின் காய மறுக்கிறது என்று பார்க்க வேண்டும். விரிசல்களின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளைக் காரையால் ஒட்டி, பக்கத்தில் தேதியைப் பென்சிலால் எழுதி வையுங்கள். மழை முடியும்போது கண்ணாடி உடைந்திருந்தால் அந்த விரிசல் இன்னும் நகர்கிறது என்று பொருள். அதைப் பூசி மறைப்பதில் பயனில்லை, அடித்தளத்தைப் பொறியாளர் பார்க்க வேண்டும். உடையாதது பழைய விரிசல். காரை கொண்டு நிரப்பினால் போதும்.

கூரையில் இரண்டு வகை அதிகம். ஒன்று, மெட்ராஸ் ஒட்டு எனப்படும் மட்டத்தளம். தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் மூலைச்சாய்வாக அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பலகைக் கட்டைகளால் நாள் கணக்கில் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு பதித்த தளம் அது. ஒழுகுகிறது என்றவுடன் அதன் மேல் சிமென்டு கான்கிரீட் போடுவது பெரிய தவறு. 5 செ.மீ. கனத்துக்குப் போட்டாலே ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 120 கிலோ எடை கூடுகிறது. நூறாண்டு பழைய கட்டைகள் அதைத் தாங்கக் கணக்கிடப்பட்டவை அல்ல. விரிசல் விட்ட தட்டோடுகளை எடுத்துவிட்டு, கீழே உதிர்ந்த ஜல்லித் தளத்தை அந்த இடத்தில் மட்டும் வெட்டி நிரப்பித் தட்டி, மீண்டும் ஓடு பதித்து, நீர் வழியும் சாய்வைச் சரிசெய்வதே முறை. மற்றொன்று சீமை ஓட்டுக் கூரை. அதில் ஓடுகளை எல்லாம் இறக்கி எண்ணி, நல்லவற்றை ஒரு பக்கமாகத் திரட்டி வேய்ந்து, புதியவற்றை மறுபக்கத்தில் வேய்ந்தால் கூரை பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஓடு இறக்கியிருக்கும் நாட்களில் கைமரங்களைச் சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். உள்ளே செல்லரித்த மரம் பொத்தென்று ஒலிக்கும். கட்டைகள் பெரும்பாலும் சுவருக்குள் புதைந்த நுனியில்தான் இற்றுப்போகும். நுனி மட்டும் கெட்டிருந்தால் முழு மரத்தையும் கழிக்காமல், கெட்ட பகுதியை அறுத்து நல்ல தேக்கை ஏறுபொருத்தாக, அதாவது இரு நுனிகளையும் சாய்வாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்று படியும்படி, சேர்த்து, துருப்பிடிக்காத எஃகு ஆணி முடுக்கலாம்.

தரைமட்டத்துக்கு வருவோம். பல ஆண்டுகளாக முற்றத்தில் மண் கொட்டி, பின் சிமென்டு தளம் போட்டு, வெளித்தரை ஆலயத்தின் உள்தரையை எட்டிவிட்டிருக்கும். சுவரில் ஓதம் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் உயரம் ஏறுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். சுவரைச் சுற்றிச் சிமென்டுத் தளத்தை வெட்டியெடுத்து, மண்ணை உள்தரைக்குக் கீழே இறக்கி, சுவரிலிருந்து விலகிச் சரியும்படி செய்து, ஓரத்தில் சரளை நிரப்பிய வாய்க்கால் அமையுங்கள். உள்ளே பழைய தரையின் மேல் பளபளப்பான டைல்ஸ் ஒட்டுவதையும் தவிர்க்கவும். தரை வழியே ஆவியாக வெளியேற வேண்டிய ஈரம் அடைபட்டு, சுவர்களை நோக்கி ஓடி, அங்கே ஏறும்.

இனிச் சுவர். காரைப் பூச்சு ஈரத்தை உள்வாங்கி, வெயிலில் வெளியே விட்டுவிடும். சிமென்டுப் பூச்சு அதை அடைத்துவிடுவதோடு, தன்னிடமுள்ள உப்புகளையும் சுவருக்குள் சேர்க்கிறது. நான் பணிசெய்த கடற்கரை ஆலயம் ஒன்றில், முன்பொரு முறை பூசிய சிமென்டை விரல் முட்டியால் தட்டியபோது, பலிபீடத்தின் இடப்புறச் சுவர் முழுவதும் பானை போல ஒலித்தது. உளியால் மெல்ல நெம்பினோம். பூச்சு ஒரு கதவளவுக்கு ஒரே பாளமாகக் கழன்று வந்தது; அதன் பின்னே செங்கல் மாவாகி, உப்பு வெள்ளைப் பஞ்சு போலப் பூத்திருந்தது. சுவரைக் காப்பதற்காக மனமுவந்து காணிக்கை கொடுத்தவர்கள் அருகில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த முகங்களை நினைத்துத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அதே வேளையில், பூச்சே இல்லாமல் கல் தெரிய விடுவதும் தீங்குதான். பழைய கோவாவில் 1605-இல் அர்ச்சிக்கப்பட்ட போம் ஜேசு பேராலயத்தின் வெளிப்பூச்சை 1950-களில் போர்த்துகீசியக் கட்டடக் கலைஞர் பல்தசார் காஸ்த்ரோ அகற்றச் செய்தார். சுண்ணாம்புப் பூச்சின் காப்பு இல்லாமல், மென்மையான செம்புரைக்கல் அன்றிலிருந்து ஒவ்வொரு பருவமழையிலும் நேரடியாக நனைந்து கரைந்துவருகிறது. பூச்சு அலங்காரம் அல்ல; சுவர் தேயாதிருக்கத் தான் தேய்கின்ற மேல்தோல் அது.

சிமென்டை அகற்றும்போது மின்துளைக் கருவி வேண்டாம். அகன்ற உளியும் சிறு சுத்தியலும் போதும். உப்பை நீரூற்றிக் கழுவாமல், உலர்ந்த தூரிகையால் தட்டித் துடைத்து அப்புறப்படுத்துங்கள். உப்பு மிகுந்த இடங்களில் காகிதக் கூழையோ களிமண்ணையோ நல்ல நீரில் குழைத்து அப்பி, காய்ந்ததும் உரித்தெடுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் உப்பின் பெரும்பகுதி அதில் இறங்கிவிடும். பின்னர்ச் சுவரைச் சில மாதங்கள் அப்படியே உலர விட வேண்டும்.

சுண்ணாம்பை ஆலய வளாகத்திலேயே நீற்றுவது சிறந்தது. தொட்டியில் முதலில் நீரை நிரப்பி, சுட்ட கிளிஞ்சலைச் சிறிது சிறிதாக அதில் இட வேண்டும்; குவித்த சுண்ணாம்பின் மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் அருகே விடாதீர்கள். வடிகட்டிய சுண்ணாம்பை நீர் மேலே நிற்கும்படி மூடி, குறைந்தது மூன்று வாரம், முடிந்தால் மூன்று மாதம் ஊற விடுங்கள். நன்றாக ஊறியது கரண்டியில் வெண்ணெய் போல ஒட்டும், நெருடாது. கடல் மணல் ஆகவே ஆகாது. உப்பில்லாத, கூர்முனை மணலைக் கழுவிப் பயன்படுத்த வேண்டும். மேல்சுவருக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் போதும். ஓதம் ஏறும் கீழ்ச்சுவருக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, அதிகம் வேகாத நாட்டுச் செங்கலின் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு என்று தொடங்கலாம். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிப் புளித்த நீரைச் சேர்க்கும் கொத்தனார்களின் கையளவு ஊருக்கு ஊர் வேறுபடும். ஆகவே எந்தக் கலவையானாலும் கண்ணில் படாத ஒரு மூலையில் ஒரு சதுர மீட்டர் பூசி, ஒரு மாதம் பார்த்த பிறகே சுவர் முழுவதும் பூசுங்கள்.

சுவரை முதல்நாளே நனைத்துவைத்து, ஒரு பூச்சு 10 அல்லது 12 மி.மீ. கனத்தைத் தாண்டாமல் பூச வேண்டும். காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கி மெல்லத்தான் கல்லாகும். அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். சித்திரை வெயிலில் நனைத்த சாக்கைத் தொங்கவிடாத பூச்சு ஒரே வாரத்தில் வெடித்துவிடும். அடுத்த பூச்சுக்கு முன் பல நாள் இடைவெளி விடுங்கள். கடைசியில் எனாமலோ பிளாஸ்டிக் எமல்ஷனோ அடிக்காமல், சலித்த சுண்ணாம்பைப் பால் பதத்தில் கரைத்து, துளி நீலம் சேர்த்து, நான்கு ஐந்து முறை மெல்லியதாக வெள்ளையடிப்பதே சுவருக்கு ஏற்றது.

தூத்துக்குடிப் பக்கத்துச் சுவர்கள் சிலவற்றில் முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல், இருக்கும். பவளப்பாறைகள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படுபவை என்பதால் புதிய கல்லைத் தேடக் கூடாது. அதே வளாகத்தில் இடிந்து கிடக்கும் பழைய கல்லை எடுத்துப் பயன்படுத்தலாம். அதுவும் இல்லையெனில் மென்மையான நாட்டுச் செங்கல்லைக் காரையில் கட்டி இடைவெளியை நிரப்பலாம்.

பலிபீடத்தையும் சுரூபங்களையும் பற்றி உறுதியாக ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பெயரைச் சொல்லிப் பழைய மரப் பீடங்களை உடைத்தெறிந்த ஊர்கள் உண்டு. ஆனால் அச்சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏட்டின் 126-ஆம் எண்ணே, திருப்பொருள்களும் மதிப்புமிக்க கலைப்பொருள்களும் கைமாறாமலும் சிதறாமலும் ஆயர்கள் விழிப்போடு பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. பழைய பீடத்தைப் பின்னே அப்படியே விட்டு, மக்களை நோக்கிய பீடத்தை முன்னே எளிமையாக அமைக்க இடம் எப்போதும் கிடைக்கும். மரச் சுரூபத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஊர் பெயிண்டரிடம் கொடுக்காதீர்கள். பல அடுக்கு எனாமலுக்குக் கீழே முதல் வண்ணமும் பொன்தகடும் இருக்கக்கூடும், அதை வெளிக்கொணர்வது பயிற்சி பெற்றவரின் கைவேலை. பீடத்தைத் தொட வேண்டிய நிலை வந்தால், அதனடியில் அருளிக்கம் (புனிதரின் திருப்பண்டம்) இருக்கிறதா என்பதைப் பங்குத்தந்தை முன்னிலையில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

மின்கம்பிகளுக்காகக் காரைச் சுவரை வெட்டாமல், சுவரின் மேல்விளிம்பில் துருத்தி நிற்கும் கொடுங்கையின் மேல் மறைத்து எடுத்துச் செல்லுங்கள். மணிக்கூண்டின் இடிதாங்கியையும் அதன் நிலத்தொடர்பையும் சோதியுங்கள். விரிசல் விட்ட மணியை உள்ளூர்ப் பட்டறையில் பற்றவைக்க வேண்டாம்.

ஆட்களைத் தேடும்போது கோயில் திருப்பணியிலும் செட்டிநாட்டு வீடுகளிலும் சுண்ணாம்பு வேலை பார்த்த கொத்தனார்களை விசாரியுங்கள். பாண்டிச்சேரியில் உள்ள இன்டாக் கிளையைப் போன்ற மரபுப் பாதுகாப்பு அமைப்புகளிடம் ஆலோசனையும் கிடைக்கும். சதுர அடிக் கணக்கில் ஒப்பந்தம் பேசினால் காரை காயும் முன்பே அடுத்த பூச்சு ஏறிவிடும்; நாட்கூலியே நல்லது. கொடியேற்றத்திற்குள் முடித்துத் தர வேண்டும் என்று எந்தக் கொத்தனாரையும் அவசரப்படுத்தாதீர்கள். தேவையானால் ஒரு திருவிழாவைச் சாரத்தோடே கொண்டாடலாம்; சப்பரம் புறப்பட ஒரு வாசல் திறந்திருந்தால் போதும்.

வேலை முடிந்த பின், பயன்படுத்திய கலவையின் அளவுகள், கொத்தனார்களின் பெயர்கள், படங்கள் அனைத்தையும் பங்கு அலுவலகத்தில் ஒரே கோப்பில் வைத்து, ஒரு படியை ஆயரகத்திற்கு அனுப்புங்கள். அதன்பின் ஆண்டுதோறும் புரட்டாசி முடிவதற்குள் ஒருவர் கூரை மேல் ஏறி, நீர்ப்போக்குக் குழாய்களில் அடைந்த இலைகளை அகற்றி, கொடுங்கை இடுக்கில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுத்து, அந்த இடத்தைக் காரையால் அடைத்துவிட்டு இறங்க வேண்டும்.